மீன் லொறிப் பெட்டிக்குள் கணித பாடம்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த கல்விக் கந்தோரிலிருந்து இரண்டு ரீச்சர்மார் வீட்டுக்கு வந்தார்கள். பாடங்களைப் பொட்காஸ்டாகச் செய்யப் போகிறார்களாம். "ஐயா, மன்னாரில இதை முதன்முதல் செய்தது நீங்கள்தானாம். எதில தொடங்கிறது எண்டு சொல்லுங்கோ" என்றார்கள். கையில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது. இரண்டு வகை மைக், சுவரில் ஒட்டும் பஞ்சு, காதில் மாட்டும் ஹெட்போன், வட்டமாக எரியும் ஒரு லைட். குரல் மட்டும் கேட்கிற நிகழ்ச்சிக்கு லைட் என்னத்துக்கு என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"முதல்ல பாடம் விளங்காத ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கோ. மைக்கைப் பிறகு பாப்பம்" என்றேன். மனிசனுக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்குள் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்ததால் எழும்பிப் போக முடியவில்லை, என் கதையைக் கேட்க வேண்டியதாயிற்று. அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நான் நானாட்டான் பக்கத்து வயல்காரன். ரேடியோ திருத்தப் பழகினேன், அந்தத் தகுதியில் கல்விக் கந்தோரில் தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்தேன். அதன்பின் இருபது வருடம் நான் செய்த பெரிய வேலை, விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டி, "ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங்" சொன்னதுதான். பேச வருகிறவர்கள் எல்லாரும் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் ரெஸ்ரிங் செய்ததில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை.

போர் முடிந்து சனங்கள் திரும்பி வரத் தொடங்கிய நேரம் அது. மன்னார்த் தீவுக்கு வெளியே, முசலிப் பக்கமும் மற்றப் பெருநிலத்து ஊர்களிலும் பள்ளிக்கூடங்கள் தகரக் கொட்டகைகளில் நடந்தன. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கதிரை மேசைகூட வந்துவிட்டது, கணித ஆசிரியர்தான் வரவில்லை. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியில்லை என்றால் மேலே படிக்க வழி இல்லை என்பதால் பெற்றோர் தினமும் கந்தோர் வாசலில் நின்றார்கள்.

எங்கள் பணிப்பாளர் பிலோமினா மேடம். சிறிய உருவம், மெல்லிய குரல். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. வேலை பிழைத்தால் நம்மைப் பார்த்து, "அப்படியோ?" என்று மட்டும் கேட்பார். அதைவிட ஏச்சே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஒருநாள் அவர் சிலாவத்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்தார். "தம்பி, பஸ்ஸில இருந்த முழுப்பேரும் போனில பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகினம். போன் கடையில மெமரிச் சிப்பில அடிச்சுக் குடுக்கினமாம். பாட்டுக்கு இடம் இருக்கிற சிப்பில பாடத்துக்கும் இடம் இருக்கும்தானே?" என்று கேட்டார்.

இருக்கும் என்றேன். அப்படித்தான் எங்கள் பொட்காஸ்ட் தொடங்கியது. அப்போது அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது, "சிப் பாடம்" என்றுதான் சொன்னோம்.

முதல் பாடத்தை எப்படிச் செய்தோம் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு நல்ல காரியத்தை வெறுமனே தொடங்க முடியாது. வரவேற்புரை வேண்டும், தலைமையுரை வேண்டும், தேவாலயத்துச் சுவாமியார், மௌலவி, கோயில் குருக்கள் மூன்று பேரின் ஆசியுரையும் வேண்டும். ஒருவரை விட்டாலும் பெரிய மனத்தாங்கல் ஆகிவிடும். ஆகவே நான் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று அலைந்து எல்லாரையும் பதிந்தேன். குத்துவிளக்கு ஏற்றுகிற சத்தத்தையும் பதிய வேண்டும் என்று நான் தீக்குச்சி உரசியதும் அதில் உண்டு. எல்லாம் முடிந்து பின்னங்கள் பற்றிய பாடம் தொடங்க இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பாடம் நாலு நிமிடம், அதன் பிறகு நன்றியுரை.

மேடம் அதை முழுதும் கேட்டார். "சனிக்கிழமை பள்ளிமுனைக்கு வாங்கோ" என்றார்.

அங்கே கடற்கரைக் கொட்டிலில் பெண்கள் கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். போனை நடுவில் வைத்துப் பாடத்தைப் போடச் சொன்னார். என்னிடம் ஒரு சின்னக் கொப்பியைத் தந்து, "பாடத்தை நீங்கள் கேக்க வேண்டாம். அவையின்ர கையைப் பாருங்கோ. கை எங்க நிக்குது, எங்க பக்கத்து ஆளோட கதைக்கத் தொடங்கினம், ரெண்டையும் நிமிசத்தோட எழுதுங்கோ" என்றார்.

வரவேற்புரையின் இரண்டாவது வசனத்திலேயே கதை தொடங்கிவிட்டது. கத்திகள் ஒரு கணமும் நிற்கவில்லை. ஒரு அம்மா மட்டும் தலையை நிமிர்த்தி, "இது ஆரின்ர மரண அறிவித்தல், மேடம்?" என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். அவர் "அப்படியோ?" என்று கேட்க முன்னமே நான் கொப்பியை மூடிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாடமும் அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் வெளியே போனது. கை நின்ற இடத்தை வைத்திருப்போம், கதை தொடங்கிய இடத்தை வெட்டுவோம். இவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

ஆனால் ஆசியுரைகளை வெட்டுவது யார்? மேடம் ஒரு தகர டப்பாவுக்குள் இருபது சிப்பைப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரிடமும் போனார். "உங்கட ஆசியை இந்தச் சிப்புக்கே தந்திடுங்கோ, எந்தப் பாடம் போட்டாலும் அது அதிலயே இருக்கும்" என்று கேட்டார். மூவரும் சிரித்துச் சம்மதித்தார்கள். சுவாமியார் தீர்த்தத்தைக் கையில் எடுத்தபோதுதான் நான் குறுக்கே விழுந்தேன். "சுவாமி, செபம் மட்டும் போதும், நனைஞ்சா பழுதாப் போயிடும்!" அவர் சிரித்த சிரிப்பில் கொஞ்சத் தீர்த்தம் என் தலையில்தான் பட்டது.

அடுத்த தலையிடி காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கினால் மன்னார்த் தீவில் கதவைச் சாத்தினாலும் மைக்குக்குள் கடல் இரையும். பள்ளிமுனையில் ஒரு மீன் முதலாளியின் வளவில், சில்லுக் கழற்றிய கூலர் லொறியின் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. குளிர் வெளியே போகாதபடி சுவருக்குள் தடிப்பாக ரெஜிபோம் என்ற நுரைப்பலகை வைத்துக் கட்டிய பெட்டி. குளிரை விடாதது சத்தத்தையும் விடாது என்று எனக்குத் தோன்றியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கைதட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு அமைதியை நான் மன்னாரில் கேட்டதே இல்லை. சூடை மீன் மணம்தான் கொஞ்சம் அதிகம்.

எங்கள் பாடங்கள் ஏன் பத்து நிமிடம் என்று அந்த ரீச்சர்மார் கேட்டார்கள். பிள்ளைகளின் கவனம் பற்றி ஏதும் ஆராய்ச்சி செய்தீர்களா என்றார்கள். அந்தப் பெட்டிக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் மூச்சு முட்டும், அதுதான் காரணம்.

பாடம் சொல்ல வந்தவர் ஜெயந்தன் சேர். பள்ளிமுனைக் கடற்தொழில் குடும்பம், முப்பது வயது, கணிதத்தில் புலி. கோபத்திலும் புலிதான். அவர் தனியே இருந்து பதிந்த பாடத்தில் ஒரு பிழை கிடையாது. கொட்டிலில் ஒரு கையும் நிற்கவில்லை. "எல்லாம் சரியாச் சொல்லுறீங்கள் சேர், ஆரோட கதைக்கிறீங்கள் எண்டுதான் தெரியேல்ல" என்றார் மேடம். அடுத்த முறை ஜெயந்தன் சேர் இன்னொரு ஆசிரியரைக் கூட்டிவந்து மாணவன்போலக் கேள்வி கேட்க வைத்தார். "ஆகா, இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது, ஐயா!" என்று அந்த ஆசிரியர் சொன்ன இடத்தில் கத்திகள் எல்லாம் நின்றன, பெண்கள் விழுந்து விழுந்து சிரித்ததால்.

அந்தக் கிழமைதான் றமீசா ரீச்சர் கந்தோருக்கு வந்தார். சிலாவத்துறையில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. சிறுபிள்ளையாகப் பெற்றோரோடு புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து பின்னேரப் பள்ளியில் படித்து, இருபது வருடத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவர். கையில் ஒரு கடிதம். வருட முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாவிட்டால் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்கள் என்று அதில் இருந்தது. என் மேசைக்கு முன் இருந்து, "ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் பெயில் சேர். ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா, கணக்குத் தெரியாதவக்கிட்டயா புள்ளய உட்டீக்கிறம் எண்டு கூட்டிட்டுப் போயிருவாங்க. எனக்குக் கணக்கு வெளங்குதே இல்ல" என்று கண் கலங்கினார்.

மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு மாதமாகத் தேடிய சாமான் வாசலுக்கே வந்ததுபோல முகம் மலர்ந்துவிட்டது. "விளங்கேல்ல எண்டதை இன்னொருக்காச் சொல்லுங்கோ, ரீச்சர்" என்றார். அவர் சொன்னார். அந்தக் குரலில் நடிப்பே இல்லை. பெயர் சொல்வதில்லை, "அக்கா" என்று மட்டும் கூப்பிடுவது என்ற ஒப்பந்தத்தில் றமீசா ரீச்சர் சனிக்கிழமைகளில் பெட்டிக்குள் வந்தார். கூலிக்குப் பதில் கணிதம் இலவசம்.

முதல் நாலு பாடம் நல்லபடி போனது. ஐந்தாவது, சமன்பாடு; கூட்டலுக்குச் சக, கழித்தலுக்குச் சய என்பது எங்கள் வழக்கு. ஜெயந்தன் சேர் சொன்னார்: "எக்ஸ் சக ஐந்து சமன் பன்னிரண்டு. இப்ப சக ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோறம். போனால் சய ஐந்தா மாறும். பன்னிரண்டு சய ஐந்து, ஏழு."

"ஏன் சேர் மாறுது?"

"அந்தப் பக்கம் போனால் மாறும்."

"அதுதான் ஏன் எண்டு கேக்குறன். நான் மன்னார்ப் பாலம் தாண்டி வந்தனே, ஆள் மாறிட்டனா? அங்கயும் றமீசாதான், இங்கயும் றமீசாதான்."

"அது விதி, அக்கா."

"ஆரு போட்ட விதி சேர்? எனக்கு வெளங்கல்ல."

ஏழு தரம் "வெளங்கல்ல" சொன்னார். நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். ஏழாவது தரம் ஜெயந்தன் சேர், "பத்து வருசமாப் படிப்பிக்கிறன், ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை!" என்று கத்திக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். றமீசா ரீச்சர் முக்காட்டின் நுனியைக் கசக்கிக்கொண்டு, "நான் பிழையாக் கேட்டுட்டனா சேர்?" என்றார். எனக்கும் அந்த விதிக்குக் காரணம் தெரியாது. இல்லை என்று தலையை ஆட்டினேன். ரெக்கோடரை நிறுத்தத் தோன்றவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். ஜெயந்தன் சேர் திரும்பி வந்தார். வெளியே கரையில் ஒரு வள்ளத்திலிருந்து மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அக்கா, ஒரு வள்ளம். அந்தப் பக்கம் பன்னிரண்டு மீன். இந்தப் பக்கம் மூடின பெட்டி ஒண்டு, பெட்டிக்கு வெளியில அஞ்சு மீன். எல்லாம் ஒரே அளவு மீன். வள்ளம் சரியாமல் நிக்குது. பெட்டிக்குள்ள எத்தனை?"

"பெட்டிக்குப் பாரம் இல்லையா சேர்?"

ஜெயந்தன் சேர் ஒரு கணம் பல்லைக் கடித்தார், பிறகு சிரித்துவிட்டார். "இல்லை எண்டு வைப்பம். இப்ப இந்தப் பக்கம் வெளியில கிடக்கிற அஞ்சையும் இறக்கினா?"

"வள்ளம் அந்தப் பக்கம் சரியும்."

"சரியாமல் இருக்க?"

"அந்தப் பக்கமும் அஞ்ச எறக்கோணும்." பிறகு லொறிப் பெட்டியே அதிர்கிற மாதிரி ஒரு குரல். "அப்ப அஞ்சு எங்கயும் போகல்ல! ரெண்டு பக்கமும் எடுத்ததுதான்! ஏழு மீன் சேர், ஏழு!"

"ஓம்" என்றார் ஜெயந்தன் சேர். பிறகு மெதுவாக, "பத்து வருசமா நான் பிள்ளையளுக்கு அரைவாசிதான் சொல்லியிருக்கிறன்" என்றார்.

அந்தப் பதிவைக் கொட்டிலில் போட்டோம். "ஆரு போட்ட விதி" என்ற இடத்தில் எல்லாக் கத்தியும் நின்றது, பாடம் முடியும்வரை ஒன்றும் அசையவில்லை. கடைசியில் ஒரு பெண் வெட்டிய மீனை எடுத்துப் பலகையின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள்.

ஆனால் வெளியே விடுவதா என்பதில் பிரச்சினை வந்தது. தான் கத்தியது ஊருக்குக் கேட்கும் என்று ஜெயந்தன் சேர் கூசினார், திருப்பிப் பதிவோம் என்றார். மேடம், "இதில கூடுதலா இழக்கிறது அவதான். அவவைக் கேப்பம்" என்று சிலாவத்துறைக்குப் போனார், நானும் போனேன். பாலத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பெயரை வெட்டிவிடுவேன், மற்றக் குரல் அப்படியே இருக்கும், யாரும் கண்டுபிடித்தால் வேலைக்கே ஆபத்து என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம். றமீசா ரீச்சர், "போடுங்க மேடம். இதே கேள்விய மனசுக்குள்ள வெச்சிட்டு வாயப் பொத்திட்டு ஈக்கிற புள்ள ஒண்டாவது ஈக்கும்" என்றார். ஜெயந்தன் சேர் அதைக் கேட்டபின் மறுபேச்சுப் பேசவில்லை.

பாட்டைப்போலவே அது பரவியது. தலைமன்னார் பஸ்ஸில் கேட்டேன், பாண் விற்கிற ஓட்டோவில் கேட்டேன், வயலில் கதிர் வெட்டுகிற இடத்தில் கேட்டேன். பிள்ளைகள் தெருவில் "ஆரு போட்ட விதி சேர்?" என்று ஒருவரை ஒருவர் பகிடி பண்ணினார்கள். சிலாவத்துறையில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று அண்ணனின் போனைக் காட்டி, "இது எங்கட ரீச்சர்" என்று அழுததாம். ஒருவரும் நம்பவில்லை.

பரீட்சைக்கு றமீசா ரீச்சர் மன்னார் நகரத்தில், தன்னை யாருக்கும் தெரியாத மண்டபம் ஒன்றில், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இருந்தார். அதே மண்டபத்தில் தாளும் அதைக் கட்டுகிற நூலும் கொடுக்கிற உதவியாளன் நான். கணிதப் பாடம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு கை உயர்ந்தது. "சேர், எனக்கு இன்னொரு தாள் தாங்க."

மண்டபம் முழுவதும் திரும்பியது. நாற்பது தலையும் ஒன்றாக. முகத்தைக் கண்டிராத பிள்ளைகள், ஆனால் ஒரு வருடமாகக் கேட்ட குரல். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை வாய்விட்டே "அக்கா!" என்று சொல்லிவிட்டது. மேற்பார்வையாளர் மேசையில் தட்டினார். நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் தாள் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். விடை சரியா என்று அவரைத்தான் கேட்டார்கள், அவரும் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு பேர் சிலாவத்துறைப் பிள்ளைகள். பஸ் தரிப்பில் றமீசா ரீச்சரின் முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் போறதுக்கு முந்தி கத ஊருக்குப் போயிரும் சேர்" என்றார்.

போய்த்தான் இருந்தது. அடுத்த கிழமை முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். மேடமும் ஜெயந்தன் சேரும் நானும் போனோம். பெரியவர்களுக்கு வேறு இருக்கை இல்லாததால் எல்லாரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட இருந்தார்கள். றமீசா ரீச்சர் எழும்பி, யாரும் கேட்க முன்னமே சொன்னார். "ஓம், அது நான்தான். ரெண்டு தரம் பெயில். இந்தத் தரம் என்ன வரும் எண்டும் தெரியாது."

படகோட்டி ஒருவர், ஒரு பிள்ளையின் தகப்பன், கதிரையும் சேர்ந்து எழும்ப, அதைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். "ரீச்சர், பயப்படாதீங்க. புள்ளைகள ஒருத்தரும் கூட்டிட்டுப் போக வரல்ல. நாங்களும் முகாமுல படிப்ப உட்ட ஆக்கள்தான். கேள்வி கேட்டா சிரிப்பாங்க எண்டு வாயத் தெறக்காம இருந்துட்டம். அந்த சேரயும் உங்களயும் பின்னேரத்துல எங்களுக்கு ஒரு வகுப்பு வெக்கச் சொல்லிக் கேக்கத்தான் கூட்டத்தக் கூட்டினம்." பெண்கள் பக்கத்திலிருந்து "எங்களுக்கும்!" என்று குரல் வந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அழுது நான் கண்டது அன்று மட்டும்தான்.

அந்த வகுப்பு தொடங்கி சில மாதத்தில் பெறுபேறு வந்தது. றமீசா ரீச்சர் தாளை ஜெயந்தன் சேரிடம் கொடுத்தார். கணிதம், திறமைச் சித்தி. இடமும் அவருக்கே. குட்டிக் கதிரைகளில் இருந்த பெரிய மனிதர்கள் பிள்ளைகளைப்போல ஆரவாரம் செய்தார்கள். ஜெயந்தன் சேர் சோக்கட்டியை அவரிடம் நீட்டி, "இண்டைக்கு நீங்கள் படிப்பியுங்கோ" என்று சொல்லிப் பின்வரிசையில் ஒரு குட்டிக் கதிரையில் போய் இருந்தார்.

றமீசா ரீச்சர் கரும்பலகையில் முதல் வரியை எழுதி முடிக்கவில்லை, பின்னாலே ஐந்தாறு கைகள் உயர்ந்துவிட்டன. அதில் ஒன்று ஜெயந்தன் சேருடையது. "இருங்க, இருங்க, எல்லாரும் கேக்கலாம்" என்று சொல்லி அவர் சிரித்துக்கொண்டே நின்றார். நான் பதிந்த அன்றைய பாடத்தில் இரண்டு நிமிடம் வெறும் சிரிப்புத்தான் இருக்கிறது. நான் அதை வெட்டவில்லை.